அத்தை வீட்டு ஆமைகள்

என் மாமா கல்யாணம் செய்து பினாங்கு டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்த அத்தை யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பேசியதும் தமிழ்தான், ஆனால் எங்கள் தமிழ் இல்லை. நாங்கள் பேசுவோம், அவர் கதைப்பார். இரண்டே மாதத்தில் அவர் பேச்சு எனக்கு அத்துப்படி என்று அந்த ஏழு வயதில் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். அந்த அகங்காரம்தான் என் காலை வாரியது.

ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போன் பேசிவிட்டு அத்தை முகம் வாடி உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டேன்.

"எங்கட வீட்டில ஆமி இருக்குது, பிள்ளை. நான் உன்னளவா இருக்கேக்க வந்தது. இன்னும் போகேல்ல."

அவர் சொன்ன ஆமி ராணுவம். எங்கள் வீட்டில் சிப்பாய்க்கு அஸ்கார் என்ற மலாய்ப் பெயர்தான். அதனால் யாழ்ப்பாணத்தில் ஆமையை இப்படித்தான் சொல்வார்கள் போல என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

"வீட்டுக்குள்ளயுமா அத்தை? எத்தன இருக்கும்?"

"ஆர் எண்ணினது? வீடு, கிணத்தடி, தோட்டம், பள்ளிக்கூடம், எல்லா இடமும் அதுதான்."

"அப்ப ஒங்கம்மா எங்க இருக்காங்க?"

"கேற்றுக்கு முன்னால ரோட்டில கொட்டில் போட்டு இருக்கிறா. ஊர்ச்சனமும் கூட இருக்குது. அப்பா வீட்டைப் பாக்காமலே செத்துப்போனார். அம்மாவாவது உள்ள போகவேணும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாயில்லாத ஜீவன்களுக்கு வீட்டையே விட்டுக்கொடுத்துவிட்டு, ரோட்டில் குடிசை போட்டிருக்கும் குடும்பம். பினாங்கில் யாருக்கு இப்படிப்பட்ட சொந்தம் இருக்கிறது? திங்கட்கிழமை வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். நீச்சல்குளம் வைத்த கொண்டோ அடுக்குமாடிக்குக் குடிபோனதிலிருந்து தரையில் கால் பாவாமல் திரிந்த ஒருத்திகூட, அன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அடுத்த ஞாயிறு நச்சரித்து அத்தையை ஆயர் ஈத்தாம் சீனக் கோயிலுக்கு இழுத்துப் போனேன். அங்கே ஒரு குளம் நிறைய ஆமைகள். ஆளுக்கொரு கட்டு கங்கோங் கீரை வாங்கிக்கொண்டோம்.

"பாருங்க அத்தை, ஒங்க வீட்டு ஆமி."

அத்தை குளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரிப்பு நிற்காமல் போய் அழுகையில் முடிந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

"அழாதீங்க அத்தை. ஆமதானே, மெதுவாத்தான் போகும்லா."

அவர் என்னைத் திருத்தவில்லை. அங்கேயே நின்று தன் அம்மாவுக்குப் போன் போட்டு, நான் சொன்னதை அப்படியே சொன்னார். அந்தப் பக்கமும் சிரிப்புக் கேட்டது, ஒரு ஆள் இல்லை, பத்துப் பெண்களாவது இருக்கும். பிறகு போன் என் கைக்கு வந்தது.

"பிள்ளை, அது மெதுவாவே போகட்டும். எனக்கு அவசரமில்ல. அது போகும்வரைக்கும் நான் இந்த ரோட்டை விட்டு எழும்பமாட்டன்."

குரலில் துளி நடுக்கம் இல்லை. அத்தை குடும்பத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அதே பெருமைதான், காரணம்தான் மாறிவிட்டது. அன்றைக்கு, அந்த அம்மாவுக்கு ஆமைகள் மேல் அவ்வளவு பாசம் என்றுதான் நினைத்தேன்.