மூணாவது பிளக்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆகுர்டியில் நாங்கள் இருந்த இரண்டு அறை வீட்டுக்குள் மருந்துச் சீட்டும், பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் மராத்தி எழுத்தும் என் வழியாகத்தான் வரும். ஆகவே அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்தியபோது, நடுவில் தகவல் கொண்டுபோகும் வேலையும் இயல்பாக எனக்கே வந்து சேர்ந்தது. மூன்றாம் வகுப்புக்காரனுக்கு அது பெரிய பதவி.

சண்டைக்குக் காரணம் ஒரு பழைய டீசல் கார். சாகண் தொழிற்சாலைக்கு இஞ்சினியர்களை ஏற்றிப்போக அப்பா வாங்கியது. பார்த்துப் பேசி முடித்துக் கொடுத்தவர் சித்தப்பா. குளிர்காலம் வந்ததும் காலையில் வண்டி கிளம்ப மறுத்தது. உறுமும், வெள்ளைப் புகை கக்கும், அடங்கிவிடும். தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுத் 'தக்கா' கொடுத்துத் தள்ளினால்தான் உயிர் வரும். ஒரு கல்யாணப் பந்தியில் அப்பா எல்லார் காதிலும் விழும்படி, "எந்தம்பி டப்பாவுக்குச் சக்கரம் மாட்டிக் குடுத்திருக்கான்" என்றார். சித்தப்பா பாதி இலையில் எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரே கூரைக்குக் கீழே இருவருக்கும் வாய் நான்தான்.

"ஒங்கப்பாட்ட சொல்லு, ஒண்ணாந்தேதி நான் சாகண்ல ரூம் பாத்துப் போறேன்னு."

சொன்னேன். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டபடி, "போறவன இங்க யாரும் புடிச்சு வைக்கலன்னு சொல்லு" என்றார். அதையும் சொன்னேன். அம்மா அன்று குழம்பில் உப்புப் போட மறந்தாள்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா புது ஹீட்டர் பிளக் ஒன்றோடு வந்தார். விரல் நீளத்தில் ஒரு கம்பி. குளிரில் இஞ்சினுக்குள் சூடேற்றிக் கொடுப்பது அதுதான். நாலில் ஒன்று செத்தாலும் வண்டி அடம்பிடிக்கும்.

"டப்பா இல்லன்னு காட்டிட்டே போறேன்னு சொல்லு."

சொன்னேன். அப்பா போய் வண்டியின் பானெட்டைத் தூக்கி வைத்தார்.

அப்பா ஒரு பக்கம், சித்தப்பா எதிர்ப்பக்கம், நடுவே பிளாஸ்டிக் ஸ்டூலில் நான். "மேல இருக்க ஒயரக் கழட்டச் சொல்லு." "கழட்டியாச்சுன்னு சொல்லு." கைக்கெட்டும் தூரத்தில் நின்றவர்களின் ஒவ்வொரு சொல்லும் என்னைச் சுற்றிக்கொண்டுதான் போனது. சித்தப்பா ஸ்பேனர் எடுக்க உள்ளே போன நேரத்தில், அப்பா ஒரு சின்ன பல்பின் ஒயரை பேட்டரியில் கொடுத்து, மறு ஒயரால் பிளக்குகளைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றில் மட்டும் பல்பு எரியவில்லை.

"மூணாவது செத்துப்போச்சுன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு, புது பிளக்கின் உறையைப் பிரிக்கத் திரும்பிக்கொண்டார்.

சித்தப்பா வந்ததும் சொன்னேன். ஒரு எழுத்து பிசகாமல் சொன்னேன். அவர் தன் பக்கத்திலிருந்து எண்ணி மூன்றாவதில் ஸ்பேனரைப் போட்டார். பல்பு எரியாதது அது இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பார்த்ததைச் சொல்வது என் வேலை இல்லை, சொன்னதைச் சொல்வதுதான்.

அது இறுகிக் கிடந்தது. சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பு மொத்தத்தையும் ஸ்பேனரில் சாய்த்தார். பிளக் உள்ளே ஒடிந்தால் இஞ்சினையே பிரிக்கவேண்டும். அப்புறம் வண்டி நிஜமாகவே டப்பாதான். அப்பா திரும்பிப் பார்த்தார்.

"ஏலே, விடுலே. ஒடிஞ்சிரும். அது நல்ல பிளக்குலே."

"விடணுமாம் சித்தப்பா, ஒடிஞ்சிருமாம்" என்றேன். என்னை யாரும் கவனிக்கவில்லை.

"மூணாவதுன்னுதானண்ணே சொன்ன?"

"எம் பக்கத்துலருந்து மூணாவது."

"வண்டிக்கு ஒம் பக்கம் மட்டுந்தான் பக்கமாண்ணே?"

"ஒனக்குக் கண்ணு எங்கலே போச்சு?"

"பந்தில வச்சு டப்பான்னு சொன்னியே, அப்ப ஒனக்கு எங்க போச்சு?"

"தள்ளித் தள்ளித் தோளு போச்சுலே. சொல்லத்தான் செய்வேன்."

திட்டிக்கொண்டே அப்பா சரியான பிளக்கின் அடியில் எண்ணெய் விட்டார். திட்டிக்கொண்டே சித்தப்பா அதை முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தார். செத்த பிளக் முழுசாக வெளியே வந்தது. மறுநாள் காலைக் குளிரில் வண்டி ஒரே சாவியில் கிளம்பியதையும், சித்தப்பா சாகணுக்குப் போகாததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது. டீயோடு வாசலில் நின்றிருந்த அம்மாவிடம் ஓடினேன். பேச்சு நின்ற நாளிலிருந்து ஆளுக்கொரு டம்ளராக என்னிடம்தான் கொடுத்தனுப்புவாள். அன்று கை நீட்டியும் கொடுக்கவில்லை.

"பெருசா சண்ட போடுதாங்கம்மா. போயி நிப்பாட்டு."

"போடட்டும்லே. நீ சும்மா இரு."

படியில் உட்கார்ந்துகொண்டாள். டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. அங்கே இரண்டு பேரும் கத்திக்கொண்டிருக்கிறார்கள், இவள் இங்கே உட்கார்ந்து சிரிக்கிறாளே என்று எனக்கு அம்மா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.