முன்தண்டில் என் ஜோடி

எங்கள் தெரு மாரியம்மன் கோயில் வாசலில்தான் அவரை முதலில் பார்த்தேன். நான் அந்தத் தெருவுக்குக் குடிவந்த வருஷம், ஆடி மாதம், அம்மன் புறப்பாட்டுக்கு ஆள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். தர்மகர்த்தா எங்களை இருவர் இருவராக நிற்கவைத்து, தோள்களின் மேல் ஒரு மூங்கில் கழியைக் குறுக்கே வைத்துப் பார்த்தார். கழி சாய்ந்தால் ஆளை மாற்றுவார். என் பக்கத்தில் வந்து நின்றவர் கட்டை மீசையும் காக்கிக் கால்சட்டையுமாக இருந்தார். கழி எங்கள் இருவர் தோளிலும் அசையாமல் படுத்துக்கொண்டது. அவர் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்து, "இத்தினி நாளு எங்க இருந்த ஜோடி?" என்றார். அன்றிலிருந்து அந்தப் பெயரால்தான் என்னைக் கூப்பிட்டார். என் சொந்தப் பெயர் அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

சப்பரத்துக்கு இரண்டு நீளத் தண்டுகள். முன்பக்கம் இடது தண்டில் நான், வலது தண்டில் அவர். எங்களுக்குப் பின்னால் வரிசையாக மற்றவர்கள். பின்னால் வருகிறவர்கள் உயரத்தில் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் சமாளித்துவிடலாம். முன்னால் நிற்கும் இருவர் தோளும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் அம்மன் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவாள். அவர் உயரத்துக்கு எங்கள் தெருவில் நான் ஒருவன்தான் இருந்தேன். அவர் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டிரைவர். வேலூருக்கும் எங்கள் ஊருக்குமாக ஆரணி வழியில் வண்டி ஓட்டுவார். நான் மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மொத்தக் கடையில், மூட்டை எடை போடுகிறவன், எட்டாவது வரை படித்தவன். எங்களுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உயரம் ஒன்றுதான் எங்களைச் சேர்த்து வைத்தது. வருஷத்தில் ஒரு நாள் அம்மனைத் தூக்குவோம். மற்ற நாட்களில் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் டீ குடிப்போம்.

எழுபதுகளின் கடைசியில் மண்டிக்காரரின் பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டு மண்டியை மூடினார்கள். எனக்கு அப்போது கைக்குழந்தை ஒன்று, அடுத்தது வயிற்றில். எங்களைப் போன்றவர்களுக்கான வேலை அந்தக் காலத்தில் பேப்பரில் வராது. ஒரு கடையிலோ லாட்ஜிலோ 'ஆள் தேவை' என்று பலகை தொங்கினால், ஆளை எடுத்துவிட்டுப் பலகையைக் கழற்ற மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஓர் இடம் காலியாகப்போவது முதலில் அங்கே வேலை செய்கிறவனுக்குத்தான் தெரியும். அவன் யார் காதில் போடுகிறானோ அவனுக்குத்தான் அந்த இடம். முதலாளிகளும் அப்படித்தான் விரும்பினார்கள். தெரிந்தவன் சொல்லி வந்த ஆள் ஏதாவது தப்பு செய்தால், சொன்னவன் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம் அல்லவா? ஆகவே வேலை தேடுவது என்றால், காலையில் குளித்து, மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, விபூதி இட்டுக்கொண்டு, தெரிந்தவர்கள் கண்ணில் படும்படி ஊரைச் சுற்றி வருவது. தேரடி வீதி ஜவுளிக்கடை வாசலில் கொஞ்சம் நிற்பேன். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு அறை விடுகிறவர்களிடம் போய் நிற்பேன். எல்லோரும் "பாக்கலாம்" என்றார்கள். எங்கள் ஊரில் "பாக்கலாம்" என்பது இல்லை என்பதை முகம் கோணாமல் சொல்லும் விதம்.

டிரைவரிடமும் சொன்னேன். அம்மன் தோளில் இருக்கும்போது சொந்தக் காரியம் பேசுவதில்லை என்று எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அதனால் டீக்கடையில் வைத்துத்தான் சொன்னேன். "சொல்றேன் ஜோடி" என்றார். "பாக்கலாம்" என்று சொல்லாததே எனக்கு ஆறுதலாக இருந்தது. அதற்குப் பிறகு பார்க்கும்போதெல்லாம் டீயோடு போண்டாவும் வாங்கிக் கொடுத்தார், குழந்தையை விசாரித்தார். வேலைப் பேச்சு வந்தால் மட்டும் வண்டிப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொள்வார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆடி பிறக்கச் சில நாள் இருந்தபோது பெட்ரோமாக்ஸ் பாய் கடைப்பக்கம் போனேன். கல்யாணத்துக்கும் ஊர்வலத்துக்கும் விளக்கு வாடகைக்கு விடுகிறவர் அவர். தலைமுறை தலைமுறையாக எங்கள் ஊர்க்காரர். எங்கள் அம்மன் புறப்பாட்டுக்கும் அவர் விளக்குகள்தான் முன்னால் போகும். ஒரு விளக்கைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும், "இன்னா தம்பி, நீ இன்னும் இங்கியே கீற? ஆரணிக்குப் போவல?" என்றார்.

"ஆரணியில இன்னா பாய்?"

"டிரைவரு கம்பெனி பார்சல் ஆபீசுல இருந்த ஆளு நின்னுட்டானாமே. நல்ல ஆளா இருந்தா இட்டுக்கினு வாங்கன்னு முதலாளி டிரைவருங்ககிட்ட சொல்லிக்கீறாரு. உன் ஜோடிதான் போன வாரம் இதே ஸ்டூல்ல உக்காந்து சொன்னாரு. இந்த வாரத்துக்குள்ள ஆளு வெச்சுடுவாங்களாம். உன்கிட்ட சொல்லியிருப்பாருன்னுல்ல நெனச்சேன்?"

என் முகத்தைப் பார்த்ததும் பாய்க்கு விஷயம் புரிந்துவிட்டது. குனிந்து பக்கத்திலிருந்த வேறொரு விளக்குக்குக் காற்று அடிக்கத் தொடங்கினார். "நான் ஒண்ணும் சொல்லல, நீ ஒண்ணும் கேக்கல. போய்ட்டு வா தம்பி" என்றார்.

நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். டிரைவர் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணா, ஆரணி வேலைய என்கிட்ட ஏன் சொல்லல?"

"யாரு, பாய் சொன்னாரா? அந்தாளு வெளக்குல காத்து நிக்கும், வாயில நிக்காது" என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் துணியைப் பிழிந்து உதறிவிட்டுக் கேட்டார்: "ஆரணி போயிட்டா ஆடிக்கு வருவியா ஜோடி?"

"புதுசா சேர்ற ஆளுக்கு லீவு எப்படிண்ணா குடுப்பாங்க?"

"அதான்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. வீட்டில் அரிசிப் பானை காலி. இவர் சப்பரத்துக்கு ஆள் குறையும் என்று வேலையை மறைத்திருக்கிறார். வாயைத் திறந்து ஏதோ சொல்லப்போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, வண்டியின் படியில் உட்கார்ந்து சொன்னார். நான் வருவதற்கு முந்திய வருஷம் அவர் பக்கத்தில் தூக்கியவன் உயரம் கம்மி. மட்டம் சரியாக வர வேண்டும் என்று தோளில் துண்டை மடித்து வைத்துக்கொண்டான். தெருத் திருப்பத்தில் துண்டு நழுவிவிட்டது. அம்மன் சாய்ந்தாள், மாலை கழன்று தரையில் விழுந்தது. அந்த வாரமே அவருடைய மகளுக்கு அம்மை போட்டது. அந்தப் பெண்ணுக்கு ஒரு கண் தெரியாது என்பது எனக்குத் தெரியும். எப்படிப் போனது என்று நான் கேட்டதில்லை.

"அம்மா எம் பொண்ணு உயிரைத் திருப்பிக் குடுத்துட்டா ஜோடி, கண்ணை எடுத்துக்கினா. தோளுல தெம்பு இருக்கிற வரைக்கும் முன்தண்டு நான் தூக்கறேன், இனிமே நீ சாய மாட்டேன்னு அவகிட்ட வாக்கு குடுத்துட்டேன். உன்ன வுட்டா எனக்கு யாரு கீறா? தப்புதான் பண்றேன். தெரிஞ்சேதான் பண்றேன்." கண்டக்டர் விசில் ஊதினார். டிரைவர் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வேறு ஒருவனாக இருந்தால் மூடநம்பிக்கை என்று திட்டித் தீர்த்திருப்பான். எனக்கு அந்த வசதி இல்லை. அவர் நம்பியதைத்தான் நானும் நம்பினேன். என் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நானும் வேப்பிலையைத்தான் தேடுவேன். அவர் செய்தது அநியாயம் என்று மனம் சொன்னது. அந்தப் பெண்ணின் கண்ணை நினைத்தால் அதே மனம் வாயை மூடிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "அம்மனுக்கு ஊருல வேற தோளே கெடைக்கலியாமா?" என்று முதலில் எகிறினாள். டிரைவர் மகளின் கதையையும் சொன்னேன். சாயங்காலம் விளக்கு வைத்த கையோடு குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். நான் போகவில்லை. என்ன பேசினாள் என்பதை வந்த பிறகு சொன்னாள். "அண்ணா, அம்மா பாத்துக்குவான்னு நம்பித்தானே தூக்கறீங்க? அந்த நம்பிக்கைய அவ மேல வெக்காம எங்க வூட்டுக்காரரு தோளு மேல ஏன் வெச்சிருக்கீங்க?" இதுதான் அவள் கேட்டது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலை நிமிரவே இல்லையாம். அவருடைய பெண்தான் எழுந்து வந்து எங்கள் குழந்தையின் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்தாளாம்.

மறுநாள் காலை எங்கள் தெருமுனையில் ஹாரன் விடாமல் அடித்தது. அந்தத் தெருப்பக்கம் பஸ் வருகிற வழக்கமே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் பயணிகளோடு வண்டி நிற்கிறது. "ஏறு ஜோடி. இந்தச் சட்டை வாணாம், நல்லதா ஒண்ணு மாட்டிக்கினு வா" என்றார். கண்டக்டர், "இன்னாண்ணா, பொண்ணு பாக்கப் போறமா?" என்று கேட்க, வண்டியே சிரித்தது. என்னை இன்ஜின் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து வேலூருக்கு ஓட்டினார். போளூரில் டீ வாங்கித் தந்தார்.

வேலூரில் கம்பெனியின் தலைமை ஆபீசில் முதலாளி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இவரு உனக்கு இன்னா வேணும்?" என்று டிரைவரைக் கேட்டார்.

"உறவு ஒண்ணும் இல்லீங்க. எங்க தெரு அம்மனை ஒண்ணாத் தூக்கறோம்."

"சாமி தூக்கனா பார்சல் ஆபீசு பாத்துக்க முடியுமா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. தண்டுக்குக் கீழ போனா சில பேரு தோளை லேசா எறக்கிக்குவாங்க. வெளிய இருந்து பாக்கறவங்களுக்குத் தெரியாது. பாரம் மொத்தம் அடுத்தவன் மேல வந்து உக்காரும். இந்தாளு ஒருவாட்டிகூட எறக்கனதில்ல. பக்கத்துல நின்னவன் சொல்றேன்."

முதலாளி பேனாவை மூடி வைத்தார். "பார்சல்ல சாமி இருக்காதுப்பா, ஆனா பாரம் இருக்கும். நாளைக்கே போய்ச் சேந்துக்கோ" என்றார். என் வாழ்நாளில் எனக்காக யாரும் பேசிய பேச்சுகளில் அதைவிடப் பெரிய பேச்சு இல்லை. இப்போது வேங்கிக்கால் பக்கம் மகன் கட்டிய வீட்டில் இருக்கிறேன். அவன் கம்பெனியிலும் விளம்பரம் செய்யாமல், உள்ளே இருக்கிறவர்கள் சொல்லும் பெயர்களிலிருந்துதான் பாதிப் பேரை எடுக்கிறார்களாம். போனில் யார் யாரோ அவனைக் கூப்பிட்டு, தங்கள் பெயரைச் சொல்லும்படி கேட்கிறார்கள். ஆளைத் தெரியுமா என்று நான் கேட்டால், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்கிறான். அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல்வது வேறு, அவ்வளவுதான்.

மறுநாளே ஆரணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மனைவியும் குழந்தையும் ஊரிலேயே இருந்தார்கள். ஆடியில் அம்மன் புறப்பாடு வந்தது. சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவன் லீவு கேட்க வாய் வரவில்லை. அன்று சாயங்காலம் பார்சல் மூட்டைகளுக்கு நடுவில் நின்று, ஊர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். அதற்கு மேல் என்னால் ஒன்றும் முடியவில்லை.

அந்த வார லீவில் வீட்டுக்குப் போனபோது மனைவி சொன்னாள். என் இடத்துக்கு ஒரு கொத்தனாரைப் போட்டிருந்தார்கள். தெருவில் அடுத்த உயரமான ஆள் அவர்தான், ஆனாலும் டிரைவரைவிட நாலு விரற்கடை கம்மி. கொத்தனார் துண்டை மடித்துத் தோளில் வைக்கப் போனாராம். டிரைவர் அதைப் பிடுங்கித் தூர எறிந்தாராம். பிறகு தன் முழங்கால்களை மடக்கித் தோளைக் கொத்தனார் மட்டத்துக்கு இறக்கிக்கொண்டு, "எடுங்கடா" என்றாராம். தெரு முழுவதும் அப்படியே நடந்திருக்கிறார், நிமிராமல்.

"மொதல்ல எல்லாம் சிரிச்சாங்க. இன்னா டிரைவரே, சீட்டுல உக்காந்து கியர் போட்டுக்கினே வரீங்களான்னு பசங்க கேட்டாங்க. நாலு வூடு தாண்டனதும் ஒருத்தர்கூட சிரிக்கல. நம்ம வாசல்ல தீபாராதனைக்கு நிக்கறப்போகூட நிமிரலைங்க. அந்த ஆளு காலு வெடவெடன்னு ஆடுது. மேல அம்மா மாலை ஒரு பக்கம் சாயல. கோயில்ல எறக்கி வெச்சதும் அப்பிடியே உக்காந்துட்டாரு. ரெண்டு பேரு கைத்தாங்கலா இட்டுக்கினு போனாங்க" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முன்பு ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய்க் கேள்வி கேட்டவள் அவள்தான்.

விடியற்காலை அவர் வண்டியிலேயே ஆரணிக்குத் திரும்பினேன். இன்ஜின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன். கியர் மாற்றக் கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் அவர் முகம் ஒருமுறை சுருங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டு மிதித்தார்.

"முட்டி வலியாண்ணா?"

"வயசாவுது ஜோடி, இன்னா பண்றது?" என்றார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். ஆரணியில் நான் இறங்கும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சாப்பாடெல்லாம் ஒத்துக்குதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வண்டியை எடுத்தார்.

ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாக மேனேஜர் முன்னால் போய் நின்று, அடுத்த வருஷம் ஆடிப் புறப்பாட்டுக்கு லீவு வேண்டும் என்று கேட்டேன். "சேந்து ஒரு மாசம் ஆவல, அடுத்த வருசத்துக்கு இப்பவே லீவா?" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்காமல் நின்றுகொண்டே இருந்தேன். அவர் சிரித்து முடித்து, என்னை ஒருமுறை பார்த்து, "சரி, போய்ட்டு வா" என்று சொன்ன பிறகுதான் மூட்டைப் பக்கம் போனேன்.