அப்பா தூங்கும் வேகம்

போன திங்கட்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு என் கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்துபோனது. குற்றவாளி நான்தான். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஆம்பூரில் எங்களுக்கு ஒரே அறை வீடு. அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் நைட் ஷிப்ட் — தோலைப் பதப்படுத்தும் பெரிய மர டிரம் சுற்றுவதைப் பார்த்துக்கொள்கிற வேலை. பகலில்தான் தூங்க முடியும். அவர் தலைமாட்டில் உட்கார்ந்துதான் நான் ஒரு ஷூ கம்பெனிக்கு கம்ப்யூட்டரில் டிசைன் வரைகிறேன்.

சமீபத்தில் அவருக்கு பிரஷர் ஏறிவிட்டது. மாத்திரை பாதி, தூக்கம் பாதி என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். வீட்டில் எந்த மிஷின் தொந்தரவு செய்தாலும் கேஸ் என்னிடம்தான் வரும். என் கம்ப்யூட்டரின் கூலிங் ஃபேன் இருக்கிறதே... டிசைனைத் திருப்பிப் பார்த்தால் உறுமும், விட்டால் அடங்கும். செட்டிங்ஸுக்குள் போய் வேகத்தைக் குறைத்தேன். அப்பா புரண்டு படுத்தார். இன்னும் குறைத்தேன். எழுந்து தண்ணீர் குடித்தார்.

"சத்தம் ஜாஸ்தியா இருக்காப்பா?"

"அதெல்லாம் இல்லடா. நீ வேலய பாரு."

பிள்ளை மனசு நோகக்கூடாது என்று மறைக்கிறார் — அப்படித்தானே நினைக்கத் தோன்றும்?

அம்மா சிரித்தார். "கல்யாணத்தன்னிக்கு மேளச் சத்தத்துலயே தூங்குன ஆளு அவரு. நீ இன்னாத்துக்கு பேஜாராவற?"

நான் எங்கே கேட்டேன்? திங்கட்கிழமை ஃபேனை அடிமட்டத்துக்கு இறக்கினேன். மெல்லிய முனகல் மட்டும் மிச்சம். வெகுநேரம் புரண்டுவிட்டு அப்பா அப்போதுதான் கண்ணசந்தார். உள்ளே சூடு ஏறி, கம்ப்யூட்டர் தானாகவே அணைந்தது. இருந்த முனகலும் நின்றது.

அப்பா பாயிலிருந்து வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"டிரம் நின்னுடுச்சா?"

கை சுவரில் சுவிட்சைத் தேடியது. பிறகு என்னைப் பார்த்து, வெட்கத்தோடு சிரித்தார்.

"ஓடுற வரிக்கும் டிரம் பக்கத்துலயே கண்ணசரலாம்டா. நின்னா ஒடம்பு தானா எழுந்துக்கும். உள்ள கெடக்கற தோலு கறை புடிச்சிடும்ல?"

அமைதியைக் கொடுப்பதாக நினைத்து, நான் அவரை ஒவ்வொரு பகலும் டியூட்டிக்கு எழுப்பிக்கொண்டிருந்தேன். பிரியமானவர்களுக்கு எது வேண்டும் என்பதை நாமே முடிவு செய்துவிடுகிறோம்... ஏன்தான் இப்படி?

ஃபேன் ஏறி இறங்காமல், ஒரே வேகத்தில் ஓடும்படி செட் செய்தேன்.

"இது போதுமாப்பா?"

"இன்னும் கொஞ்சம் ஏத்து."

ஏற்றினேன். "இப்போ?" என்றேன். பதிலுக்குக் குறட்டை வந்தது.

இன்று ஞாயிறு. எனக்கு லீவு. இதை நோட்டில் பேனாவால்தான் எழுதுகிறேன் — கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.