இணைச்சீருக்குப் போகாதவள்

எங்கள் சனத்தில் தாலி கட்டினால் மட்டும் கல்யாணம் ஆகிவிடாது. அதற்கு முன்னால் இணைச்சீர் நடக்க வேண்டும். மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் பட்டு உடுத்தி அவன் பக்கத்தில் நிற்பாள். கல்யாணம் நடத்திவைக்கும் அருமைக்காரர் கூறைச்சேலையின் ஒரு தலைப்பை அவனிடமும் மறு தலைப்பை அவளிடமும் கொடுப்பார். உனக்குப் பெண் பிறந்தால் என் பையனுக்கு என்று அதற்குப் பொருள். இந்தச் சீர் இல்லாமல் வந்தவளைச் சேர்த்துக்கொண்டவள் என்பார்கள், மருமகள் என்று வாய் தவறியும் சொல்ல மாட்டார்கள்.

என் அண்ணனுக்குக் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான்.

நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் எங்கள் தோட்டம். நல்லது கெட்டது எதற்கும் நாமக்கல்லில் ஒரு ராவுத்தர் கடையில்தான் துணி எடுப்போம். கடைக்குப் பின்னால் அவர்கள் வீடு. ஆண்கள் முன்னால் விலை பேசிக்கொண்டிருக்க, பெண்கள் உள்ளே போய் உட்கார்ந்து சேலைகளைப் பிரித்துப் பார்ப்போம். பிரித்துக் காட்டுபவள் ராவுத்தரின் மகள். எங்களைப் போலவே வீட்டை 'ஊடு' என்பாள், 'வாரேனுங்க' என்பாள். முக்காட்டை எடுத்துவிட்டால் எங்கள் சாதிப் பெண் என்றுதான் யாரும் சொல்வார்கள். என் கல்யாணத்துச் சேலைகளை எடுக்க அண்ணன்தான் எங்களை வண்டியில் கூட்டிப் போனான். ஒரு சேலையில் சாயம் ஊறியிருந்தது என்று மறு வாரம் மாற்றப் போனான். அதற்கடுத்த வாரமும் ஏதோ மாற்றப் போனான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். புதுப்பெண்ணுக்கு அடுத்தவர் விஷயத்தில் புத்தி எங்கே போகும்?

அண்ணன் அப்போது சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். படித்தவன், நல்லவன், உலகம் தெரியாதவன். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து அவளை அழைத்துக்கொண்டு போய் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டான். அன்றைய சட்டப்படி வேறு வேறு மதத்துக்காரர்கள் அங்கே மாலை மாற்ற வேண்டுமென்றால், இருவரும் தங்களுக்கு எந்த மதமும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டார்கள். அவள் ஐந்து வேளை தொழுகிறவள். அவன் வெள்ளிக்கிழமை தவறாமல் திருநீறு பூசுகிறவன். தங்களுக்கு மதமே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அவள் தொழுதாள், அவன் திருநீறு பூசினான்.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் எங்களைப் பெற்ற அய்யனிடம் வந்தான். அய்யனுக்குப் படிக்கத் தெரியாது. பங்காளிகள் நாலு பேர் கூட இருந்தார்கள்.

"என்ன எழுதியிருக்குது?" என்றார் அய்யன்.

சர்க்கார் முத்திரை போட்ட கல்யாணக் கடுதாசி என்று சொல்லி மடித்து வைத்திருக்கலாம். வேறு எவனாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பான். இவன் வாத்தியார் ஆயிற்றே. நின்றபடியே ஒரு வரி விடாமல் வாசித்தான். நான் இந்துவும் இல்லை, அவள் முகமதியப் பெண்ணும் இல்லை என்ற இடத்தையும் சேர்த்தே வாசித்தான். எழுதியதை மறைப்பது தப்பு என்று அவன் நினைப்பு. அய்யன் எழுந்து உள்ளே போய்விட்டார். ஒரு வாரத்துக்குள் அந்த வரி நாமக்கல் பள்ளிவாசல் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. 'தான் இஸ்லாமானவள் இல்லை என்று அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள்' என்று ஜமாத்தில் பேசி, ராவுத்தரையும் மகளிடம் போக்குவரத்து வைக்கக் கூடாது என்று கட்டுப்படுத்திவிட்டார்கள். பாவம், அந்த மனிதர் அதற்குப் பிறகு கடையில் வாய் திறந்து பேசியதை நான் பார்க்கவில்லை.

மூன்று வருஷம் போனது. அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பேத்தியைப் பார்க்க வேண்டும் என்று ஆத்தா அய்யனின் காலில் விழாத குறையாக அழுதாள். ஒரு நாள் அய்யன் இறங்கி வந்தார்.

"தங்கச்சிக்காரி இணைச்சீர் செய்யட்டும். அருமைக்காரரை வெச்சு முறையா நடக்கட்டும். அப்பறம் கூட்டிக்கிட்டு வரட்டும், நான் ஒண்ணும் சொல்லலை."

எல்லோரும் அய்யனின் பெரிய மனசைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. முடியாது என்று தான் சொல்ல வேண்டியதை என் தலையில் கட்டிவிட்டார். என் மாமியார் எப்படிப்பட்டவர் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

இருந்தாலும் நான் போனேன். கண்ணில் பூ விழுந்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று புகுந்த வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, ஆத்தாவோடு சேலத்துக்குப் பஸ் ஏறினேன். அஸ்தம்பட்டியில் ஓட்டு வீட்டின் பாதியில் குடியிருந்தார்கள். அண்ணன் பெண்டாட்டியை நாங்கள் நங்கை என்று கூப்பிடுவோம். அன்றுதான் முதல் தடவையாக அவளை அப்படிக் கூப்பிட்டேன். அவள் குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டாள்.

"அம்மிணி, நான் உங்கூட்டுல வந்து குடியிருக்கோணும்னு கேக்கலை," என்றாள். "எங்கூட்டுல என்னை இல்லைன்னு சொல்லிப்போட்டாங்க. உங்கூட்டுலயும் இல்லைன்னா, நாளைக்கு நான் செத்தா எந்த மண்ணுல வெப்பாங்க? இந்தப் புள்ளைய யாரூட்டுப் புள்ளைன்னு சொல்லுவாங்க? ஒரே ஒருக்கா அந்தச் சேலையைப் புடிச்சுப்போடு. அது போதும்."

இருபத்து மூன்று வயதுப் பெண் சாவைப் பற்றிப் பேசுகிறாளே என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது. "வாரேன் நங்கை, கட்டாயம் வாரேன்," என்று சொல்லிவிட்டு வந்தேன். வைகாசியில் ஒரு முகூர்த்தம் பார்த்தார்கள். வயதான அருமைக்காரர் ஒருவர், அண்ணன் நடையாய் நடந்து கேட்டதற்காக, சேலத்துக்கே வர ஒத்துக்கொண்டார்.

முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாமியாருக்குத் தெரிந்துவிட்டது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். என் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"போறதுன்னா போ. அந்தச் சேலையைப் புடிச்சயின்னா, உன்ற பையனுக்கு அவ மகளைக் கட்டித் தாரேன்னு வாக்குக் குடுத்த மாதிரி. வாக்குக் குடுத்துப்போட்டு இந்த ஊட்டுக்கு வராதே. பையன் இங்க இருக்கட்டும்."

என் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது என்பது எனக்குத் தெரியும். மாடு குடித்து முடித்த பிறகும் அவர் தலை நிமிரவில்லை.

முகூர்த்த நாளில் நான் விதைக்கடலை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து உடைத்தேன். விரல் தோலுரிந்து எரிந்தது. பொழுது உச்சிக்கு வந்ததும் இனிப் போனாலும் பிரயோசனம் இல்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் மனசு லேசானது. அந்த லேசை இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அங்கே நடந்ததை ஆத்தா வந்து சொன்னாள். நங்கை விடிவதற்கு முன்பே தலைக்கு ஊற்றிக்கொண்டு தயாராக இருந்தாளாம். பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்து பார்த்தாளாம். மத்தியானம் வரைக்கும் பார்த்துவிட்டு, அருமைக்காரர் தனக்கு ஊர் போய்ச் சேர வேண்டும் என்று கிளம்பிவிட்டார். நாலு நாள் கழித்து அண்ணனிடமிருந்து எனக்கு ஒரு கார்டு வந்தது. உனக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது, கவலைப்படாதே, உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதியிருந்தான். என்ன வந்தது என்று அவன் கேட்கவே இல்லை. நான் சொல்ல வேண்டிய பொய்யையும் எனக்காக அவனே எழுதிவிட்டான். நான் பதில் போடவில்லை.

பிறகு யுத்தம் வந்தது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலம். பெட்ரோல் கிடைக்காமல் கரியை எரித்து லாரி ஓட்டினார்கள். அப்படி ஒரு கரி லாரியில்தான் அண்ணன் ஒரு காலையில் எங்கள் அய்யன் தோட்டத்துக்கு வந்தான். பின்னால் வைக்கோல் பரப்பி, அதன்மேல் நங்கையைப் படுக்க வைத்திருந்தான். விஷக்காய்ச்சல், பதினொரு நாள் கிடந்து போய்விட்டாளாம். வழியில் நாமக்கல்லில் நிறுத்தி, பள்ளிவாசலில் கேட்டிருக்கிறான். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்களாம். எழுதிக் கொடுத்தவளைப் புதைக்க எங்கள் மையவாடியில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ராவுத்தர் லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்திருக்கிறார்.

ஆத்தா ஆள் அனுப்பியதால் நான் போய்ச் சேர்ந்தேன். மாமியாரும் என் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். எங்கள் வீட்டில் செத்தவர்களைத் தோட்டத்து மேட்டிலேயே புதைப்பது வழக்கம். அந்த மேட்டுக்குக் கீழே லாரி நின்றது. பங்காளிகள் எல்லாம் கூடிவிட்டார்கள். அண்ணன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அய்யன் முன்னால் நின்றான்.

மூத்த பங்காளி ஒருவர், "நம்ம மேட்டுல வெக்கோணும்னா நம்மூட்டு மருமகளா இருக்கோணும். இணைச்சீர் ஆகாதவ எப்பிடி மருமக?" என்று கேட்டார்.

"ஆச்சுங்க," என்றான் அண்ணன்.

அய்யன் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"வைகாசி முகூர்த்தத்துல ஆச்சுங்க. என்ற தங்கச்சி வந்திருந்தா. அருமைக்காரர் செஞ்சு வெச்சார்."

அருமைக்காரர் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அன்று சேலத்துக்குப் போயிருந்த ஆத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். பங்காளிகளில் மறுத்துப் பேச யாரும் இல்லை. ஒரு காகிதத்தில் ஒரு வரியை விழுங்கத் தெரியாத என் அண்ணன், எல்லோர் முகத்தையும் பார்த்துப் பொய் சொன்னான். பங்காளிகள் என் பக்கம் திரும்பினார்கள்.

"அப்பிடியா சாமி? நீ போனயா?" என்று அய்யன் என்னைக் கேட்டார். அந்தக் குரலை நான் மறக்கவில்லை. போனேன் என்று நான் சொல்ல வேண்டும் என்றுதான் அவரும் காத்திருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று அந்த மேட்டில் இருந்த யாரும் என்னைச் சோதித்துப் பார்க்கப் போவதில்லை. நான் வாயைக்கூடத் திறக்க வேண்டாம், தலையை அசைத்தால் போதும். குழி வெட்டியிருப்பார்கள்.

மாமியாரின் மூச்சு என் முதுகில் பட்டது. என் பையன் 'அம்மா' என்றான்.

"நான் போகலீங்க," என்றேன்.

அய்யன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் என்னிடம் வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி சாமி," என்றான். "வெயில் ஏறுது. பையனைக் கூட்டிக்கிட்டு ஊட்டுக்குப் போ."

அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது. லாரியைத் திருப்பிக்கொண்டு சேலத்துக்கே போனான். கேட்பாரற்ற பிணங்களை முனிசிபாலிட்டி புதைக்கும் பொட்டலில் அவளை வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் தோட்டி ஒருவரும் கூட இருந்தார்களாம். அவள் தொழும்போது கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருந்ததை அண்ணனே சொல்லி மண் தள்ளினான் என்று லாரிக்காரர் பிறகு சொன்னார். அந்த மாசமே குழந்தையோடு ஊரைவிட்டுப் போனவன் எங்கே இருக்கிறான் என்று ஆத்தா சாகும்வரை தெரியவில்லை. எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்றைக்கு மேட்டிலிருந்து திரும்பும்போது மாமியார் வழியில் கண்டவர்களிடமெல்லாம், "என்ற மருமக பொய் பேசமாட்டா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதற்கு முன் அவர் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் குளிப்பதற்காகக் கிணற்றடிக்குப் போனேன். அவர் தடுத்தார்.

"எதுக்குத் தண்ணி வாக்கறே? அவ நமக்கு ஒறவா என்ன? நமக்குத் தீட்டு இல்லை. வா, வந்து சோறு தின்னு."

இலை போட்டு அவரே பரிமாறினார். நான் சாப்பிட்டேன்.