காலி ஜாடியை நிறுக்காத மருமகள்

என் மருமகள் கல்லூரி வேதியியல் கூடத்தில் பதினொரு வருஷம் ஜாடி கழுவினாள். அங்கே உதவியாளர் வேலை காலியானதும் இவளும் மனுப் போட்டாள். அது கிடைக்காவிட்டால் இருக்கிற வேலையும் போய்விடும். கழுவுவதை ஒப்பந்தக்காரனிடம் விடப்போகிறார்களாம்.

செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் அடுப்படியில் எனக்கே பாடம் நடத்தினாள்.

“எண்ணெய் தண்ணியவிட லேசு அத்தை.”

“யாருகிட்ட கதை விடறே? எண்ணெய் எவ்வளவு கெட்டியா இருக்கு!”

“கெட்டி வேற, அடர்த்தி வேற. ரெண்டையும் ஒரே அளவு எடுத்து நிறுத்துப் பாக்கணும்.”

அடர்த்தி என்றால் எனக்குத் தலைமுடிதான். இருக்கிற நாலு முடியை அள்ளி முடிந்துகொண்டு, “நீயே மெச்சிக்கோ” என்று எழுந்துவிட்டேன்.

மறுநாள் அவளுக்கு வந்ததும் எண்ணெய்தான். அதன் அடர்த்தியைக் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் காலி ஜாடியை நிறுக்க வேண்டுமாம். இந்த மகராசி பதற்றத்தில் ஐம்பது மில்லி எண்ணெயை ஊற்றிவிட்டுத்தான் முழித்தாள். பேராசிரியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“ஜாடி எடை எங்கம்மா?”

“எடுக்கல சார்.”

“போச்சு போ! கழுவிட்டு வா.”

எண்ணெய் ஜாடி கழுவிக் காய எவ்வளவு நேரமாகும் என்று அந்தக் கட்டடத்திலேயே இவளுக்குத்தான் தெரியும். அதற்குள் தேர்வே முடிந்துவிடும். அதனால் கழுவப் போகவில்லை. எண்ணெயோடு ஜாடியை அப்படியே நிறுத்தாள். நூறு மில்லிக் கோடு வரை இன்னும் ஊற்றி, மறுபடி நிறுத்தாள். நாற்பத்தாறு கிராம் கூடியிருந்தது. அதை ஐம்பதால் வகுத்து எழுதினாள்: 0.92.

“காலி ஜாடிய நிறுக்காம எப்படிம்மா கணக்கு வரும்?”

“ரெண்டு தடவையும் அதே ஜாடிதானே சார்? கழிச்சா ஜாடி போயிடும். அப்புறம் ஊத்தின ஐம்பதுக்குத்தான் இந்த நாப்பத்தாறு.”

மனிதர் நம்பவில்லை. காய்ந்த ஜாடி ஒன்றை எடுத்து, தன் முறையிலேயே செய்து பார்த்தார். அதே 0.92.

“நான் தண்டத்துக்கு ஒரு ஜாடிய அழுக்காக்கிட்டேன்” என்றாராம்.

வேலை இவளுக்கே கிடைத்தது. வெள்ளைக் கோட்டும் கொடுத்தார்கள். இரண்டு பேர் புகலாம் அதில். அதைப் போட்டுக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தாள்.

“அடியே, மேல சிந்திக்காதே!” என்றேன்.

“சரி அத்தை, நாளைலேருந்து சிந்திக்கறேன்” என்றாள், வாய் நிறைய.