வியாழக்கிழமைகளில் திமிங்கிலம் இல்லை

2004 மே 3, திங்கள்: திமிங்கிலம் 7, டால்பின் 40.
மே 5, புதன்: திமிங்கிலம் 9, டால்பின் 60.
மே 6, வியாழன்: 0.
மே 13, வியாழன்: 0. இலவச மறுபயணச் சீட்டு 11.
மே 14, வெள்ளி: திமிங்கிலம் 6.
மே 20, வியாழன்: பாய்மரப் படகு 1. இலவச மறுபயணச் சீட்டு 12.

அட்லாண்டிக் நடுவே பிகோ தீவில் லாஜஸ் துறைமுகத்தின் எழுத்தராக முப்பத்தெட்டு ஆண்டு இருந்தவன் நான். எந்தப் படகு எப்போது போயிற்று, என்ன பார்த்தது, ஏமாந்து திரும்பிய பயணிகளுக்கு எத்தனை இலவசச் சீட்டு கொடுத்தது என்று எழுதுவதை ஓய்வுக்குப் பிறகும் நிறுத்தவில்லை. என் மனைவி இதை நோய் என்கிறாள். இருக்கலாம். ஹெர்மினியா சீமாஸ் யார் என்று கண்டுபிடித்தது இந்த நோய்தான்.

ஊரைப் பொறுத்தவரை அவள் குவால்தேர் சீமாஸின் மனைவி, அவ்வளவுதான். குவால்தேர் பெரிய ஆள். திமிங்கிலம் கொன்ற காலத்திலேயே குன்றின்மேல் வெள்ளைக் கோபுரத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்தவர். கொல்வது நின்று, சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுவது தொழிலானதும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். திமிங்கிலம் விடும் மூச்சைத் தூரத்தில் பார்த்து வயர்லெஸ்ஸில் சொல்வார். நோர்பெர்த்தோவின் ரப்பர் படகு பன்னிரண்டு பயணிகளோடு அங்கே பறக்கும். ஹெர்மினியா சாப்பாடு கொண்டுபோய், பின்னல் ஊசியோடு பக்கத்தில் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்திருப்பாள்.

மே 20 அன்று என் சமையலறை வயர்லெஸ்ஸில் குவால்தேரின் குரல் கேட்டது:

"தெற்கே நாலு மைல்! வெள்ளையா, பெரிசா ஊதுது!"

இருபது நிமிடம் கழித்து நோர்பெர்த்தோ: "மாமா, உங்க திமிங்கிலம் பாய் விரிச்சிருக்கு. மேல ரெண்டு பேர் பீர் குடிச்சிட்டு எங்களுக்குக் கையாட்டுறாங்க."

"அதுக்குப் பின்னாடி பாருடா, கழுதை!"

"பின்னாடி ஆப்பிரிக்காதான் மாமா இருக்கு."

நான் கணக்கை எடுத்துக்கொண்டு நோர்பெர்த்தோவிடம் போனேன். தூய ஆவித் திருவிழாவுக்கு முந்திய வாரங்களில் பெண்கள் வியாழன்தோறும் கூடி இனிப்பு ரொட்டிக்கு மாவு பிசைவார்கள். கோபுரத்தில் ஹெர்மினியா இல்லாத நாளும் கடலில் திமிங்கிலம் இல்லாத நாளும் ஒன்றாகவே இருந்தன.

அடுத்த வியாழன் இருவரும் மேலே ஏறினோம். குவால்தேர் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக் கடலை ஆராய்ந்துகொண்டிருந்தார். பைனாகுலரின் மூடி கழற்றப்படவில்லை.

"இன்னைக்கு மூடாப்பா இருக்கு," என்றார்.

இரண்டு கண்ணிலும் புரை. நோர்பெர்த்தோ ஹெர்மினியாவைக் கூப்பிட்டனுப்பினான். முழங்கைவரை மாவோடு வந்தாள்.

"எத்தனை நாளா அத்தை?"

"நாலு வருஷமா நான் பாக்குறேன், இவர் கத்துறார்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்கடா கேட்ட? கத்துறதுக்குத்தானே சம்பளம் குடுத்த!"

குவால்தேர் பக்கத்துத் தீவின் மருத்துவமனையில் பெயர் பதிந்திருந்தார். காத்திருக்கச் சொல்லி ஒரு கடிதம் மட்டும் வந்திருந்தது. கண் சரியாகும்வரை ஹெர்மினியா பார்க்கட்டும், பிறகு நாற்காலி குவால்தேருக்கே என்று நோர்பெர்த்தோ தீர்ப்புச் சொன்னான். அன்று மீன்பெட்டிக்குப் போனவர் குவால்தேர்.

"சட்டி கழுவ நாப்பத்தாறு வருஷம் குடுத்தாங்க. கடல் பாக்க இவ்வளவுதானா?" என்று என் மனைவியிடம் கேட்டாளாம். அந்த நாற்காலியை விட அவளுக்கு மனமே இல்லை.

இரண்டாவது கடிதம் டிசம்பரில் வந்தது. ஜனவரியில் அறுவை நடந்தது. கட்டுப் பிரித்ததும் குவால்தேர் சொன்ன முதல் வாக்கியம்:

"ஹெர்மினியா, உனக்கு எப்போ இவ்வளவு வயசாச்சு?"

"நீ பாக்காதப்போ."

ஏப்ரலில் புதுக் கண்ணோடு தனியாகக் கோபுரம் ஏறினார். ஹெர்மினியா வீட்டில் இருந்தாள். சட்டிகள் அதிகமாகவே உடைந்தன. முதல் மூன்று வாரக் கணக்கு: திமிங்கிலம் 14. முந்திய ஆண்டு அதே வாரங்களில் 71.

கண்ணில் குறை இல்லை, உட்காரும் இடத்தில்தான் குறை. திமிங்கிலம் மூழ்கினால் முக்கால் மணி நேரம் வராது. ஹெர்மினியா வால் சாய்ந்த பக்கத்தைக் குறித்துக்கொண்டு, ஜெபமாலையை மூன்று முறை முழுதாக உருட்டிவிட்டு நிமிர்வாள். திமிங்கிலம் அங்கே இருக்கும். குவால்தேர் ஐந்தாவது நிமிடம் காபி குடிக்க இறங்கிவிடுவார்.

"கடல்ல திமிங்கிலம் குறைஞ்சுபோச்சு," என்று டீக்கடையில் அறிவித்தார்.

"அதுங்களுக்கும் உன்னைப் பாத்து அலுத்துப்போச்சு போல," என்றேன்.

நோர்பெர்த்தோ முடிவு எடுத்துவிட்டான். அதைக் குவால்தேரின் முகத்துக்கு நேரே சொல்லத்தான் தைரியம் இல்லை. பணி நியமனத்தைத் தட்டச்சு செய்து, திருமதி ஹெர்மினியா சீமாஸ் என்று விலாசமிட்டு, தபாலில் போட்டான். அவன் அலுவலகத்திலிருந்து அவள் வீடு முந்நூறு மீட்டர். கடிதம் வேறு தீவுக்குப் போய், முத்திரை குத்தப்பட்டு, கப்பலில் திரும்பி அவள் கைக்கு வந்த நாள் 2005 மே 10, செவ்வாய்.