டம்ளரை நான் வீசவில்லை

எனக்கு மூக்கு நுனியில் கோபம். இதை மறைத்துப் பயனில்லை. பெண் பார்க்க வந்தபோதே, அம்மாப்பேட்டையில் என் பிறந்த வீட்டில், என் அப்பா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அன்று பேசிய வேறு எதுவும் நினைவில்லாத என் மாமியார், அதை மட்டும் பத்திரமாக முடிந்து வைத்திருந்தார்.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கணவர் முட்டை லாரி ஓட்டுகிறார். கேரளா போனால் திரும்ப நாளாகும். மகள் பிறந்த சில மாதங்களில், காலையில் எழுந்ததும் என் கைகள் துள்ள ஆரம்பித்தன. நடுக்கமில்லை. யாரோ தோளைப் பிடித்து வெடுக்கென்று இழுத்த மாதிரி ஒரு துள்ளல், அவ்வளவுதான். நினைவு தப்பாது. கையில் இருப்பதுதான் பறக்கும். சீப்பு பறந்தது, பிரஷ் பறந்தது. ஒரு நாள் சூடான காப்பி டம்ளர் பறந்து மாமியாரின் காலடியில் விழுந்தது. முந்தின நாள்தான் குழம்பில் புளி அதிகமென்று எங்கள் இருவருக்கும் வாய்ச்சண்டை. கேட்கவா வேண்டும்?

நான் வீசவில்லை, கை தானாகத் துள்ளியது என்றேன். கோபக்காரி சொன்னால் யார் நம்புவார்கள்? மறுநாளிலிருந்து விடிந்ததும் பிள்ளையை அவர் தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஆத்திரத்தில் பிள்ளையையும் வீசிவிடுவேனாம். இரவெல்லாம் அழும்போது அவள் என் பிள்ளை, விடிந்தால் அவர் பேத்தி. பால் கட்டி மார்பு வலிக்கும். நானே போய்க் கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்து என் கையையே பார்த்தபடி தருவார். தூக்கம் கெடக்கெடத் துள்ளல் கூடியது. துள்ளல் கூடக்கூட, பிள்ளை என்னிடம் வரும் நேரம் குறைந்தது.

ஊரில் ஒரு டாக்டரிடம் போனோம். நாங்கள் போகும் நேரத்துக்குள் வெயில் ஏறி, என் கை கல்லு மாதிரி அசையாமல் இருந்தது. நீட்டச் சொன்னார், நீட்டினேன். நரம்புத் தளர்ச்சி என்று ஒரு சத்து ஊசி போட்டார். கூட வந்த மாமியார் ஏதோ சொல்ல, கோபத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று எனக்கு உபதேசம் வேறு. அன்று நிஜமாகவே எதையாவது எடுத்து வீசியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் அந்த வீடியோ. ஒரு காலையில் சமையலறைக் கதவருகே நின்று, எனக்குத் தெரியாமல் மாமியார் செல்போனில் எடுத்திருக்கிறார். என் ஆத்திரத்துக்கு அத்தாட்சி. சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேசி முடிவு செய்வதற்குப் பங்காளிகள் வந்து உட்கார்ந்தார்கள். டீ குடித்தபடி போனைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். கணவரின் பெரியப்பா முடிவு சொன்னார். கோபம் தணியும்வரை நான் அம்மாப்பேட்டையில் இருக்கட்டும், பிள்ளை இங்கேயே இருக்கட்டும்.

போனை அவர் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தேன். அதுவரை நான் அதைப் பார்த்ததில்லை. அதில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கதவருகே மாமியார் தரையில் கிடத்தியிருந்த மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே டம்ளரை எடுக்கிறேன். இரண்டு தோளும் ஒன்றாகத் தூக்கிப்போடுகின்றன, டம்ளர் பறக்கிறது. சிரித்துக்கொண்டே வீசுகிறவள் உலகத்தில் எங்கே இருக்கிறாள்? அத்தனை பேர் பார்த்தார்கள். ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை இன்று நினைத்தாலும் உடம்பு எரிகிறது. கணவரிடம் போனை நீட்டினேன். அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். அப்புறம், நாளைக்கு லோடு ஏற்றப் போவதில்லை, பெரிய டாக்டரிடம் போகலாம் என்றார்.

டவுனில், ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் இருந்த நரம்பு டாக்டர் அம்மா அந்த வீடியோவை ஒரே தடவைதான் பார்த்தார். காலையில் மட்டுமா, தூங்காத நாளில் அதிகமா, சின்ன வயதிலும் உண்டா என்று கேட்டார். கல்லூரியில் பரீட்சை சமயத்தில் பேனா பறந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தலையில் ஒயர் ஒட்டி இ.இ.ஜி. எடுத்தார்கள், ரத்தமும் எடுத்தார்கள். இந்தத் துள்ளலுக்கு மயோக்ளோனஸ் என்று பெயராம். விக்கலும், தூங்கப்போகும்போது தூக்கிவாரிப்போடுவதும்கூட இதே இனம்தான், அவற்றால் கெடுதல் இல்லை. சிறுநீரகம் கெட்டாலும் வரும், சில மருந்துகளாலும் வரும். எனக்கு இருப்பது வலிப்பு நோயில் ஒரு வகை. மாத்திரைக்கு அடங்கும், நானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது, அடுத்த பிள்ளைக்கு முன்னால் வந்து கேட்க வேண்டும். தூக்கமும் மருந்துதான், அதனால் இரவில் பிள்ளையை வேறு யாராவது பார்க்க வேண்டும். துள்ளல் நிற்கும்வரை காலையில் நின்றபடி பிள்ளையைத் தூக்க வேண்டாம் என்றும் சொன்னார். அப்படியென்றால் மாமியார் செய்தது சரி! அதற்காக டாக்டர் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. இந்த மாத்திரை சிலருக்கு எரிச்சலைக் கூட்டும் என்றும் அவர் சொன்னார். என் கணவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

மாமியார் மறுபேச்சில்லாமல் இரவில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். நான் தூங்கினேன். மெல்ல மெல்லத் துள்ளல் குறைந்து நின்றேபோனது. இனித் தூக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் வீடியோ அந்தக் குரூப்பில் அப்படியே கிடந்தது. ஒரு காலையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்ன நோய் என்று அதிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள் என்று மாமியாரிடம் கேட்டேன்.

"கோவக்காரின்னா நாலு நாளைக்குப் பேசுவாங்க, மறந்துருவாங்க சாமி. வலிப்புன்னு பேரு வந்துச்சுன்னா நாளைக்கு இந்தப் புள்ளயக் கட்ட எவன் வருவான்?"

பல் முளைக்காத பிள்ளைக்கு மாப்பிள்ளைக் கவலை. கணவர் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாளைக்கு அவளுக்கும் இது வந்துச்சுன்னா என்னங்க அத்தை பண்ணுவீங்க? அவளையும் கோவக்காரின்னு சொல்லி, அவ புள்ளயப் புடுங்கிக்கச் சொல்வீங்களா?"

நான் போனை எடுத்து அந்தக் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் பேசினேன். எனக்கு வலிப்பு நோய், மாத்திரை சாப்பிடுகிறேன், வீடியோவில் இருப்பது அதுதான், என் கோபம் வேறு, அது இன்னும் அப்படியே இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். மாமியார் எழுந்து என் பக்கம் வந்தார். பிடுங்கத்தான் வருகிறார் என்று பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் அவளுடைய காலைத் தொட்டுவிட்டு, என்னைத் தாண்டி அடுப்படிக்குப் போனார்.